பல நாட்டுப் பேச்சாளர்களோடு வெபினார் நடத்துவது: கேள்வியிலிருந்து ரெக்கார்டிங் வரை முழு வழிகாட்டி

சர்வதேச வணிகம் அல்லது வெளிநாட்டு உயர்கல்வி பற்றி, வெவ்வேறு நாடுகளில் இருக்கும் பேச்சாளர்களைக் கூட்டி இணையவழியில் 60 நிமிடக் குழு விவாதம் நடத்தப் போகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் எந்தச் செயலியில் நடத்துவது என்பதில் தொடங்குகிறார்கள். அடுத்து தெரிந்த பேச்சாளர்களுக்கு அழைப்பு போகும், பிறகு தேதி குறிப்பார்கள், தலைப்பு கடைசியில்தான் வரும். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த வரிசையால்தான். யார் பேச வேண்டும் என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கிறது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதிலிருந்து நேரம் கிடைக்கிறது. நேரம் உறுதியான பிறகே அறிவிப்பு போக முடியும். முந்தைய படி முடியாமல் அடுத்ததற்குப் போனால், பாதி வழியில் எல்லாவற்றையும் திருத்த வேண்டி வரும்.

தொடங்கும் முன்: ஆறு வாரம், நான்கு பேர்

நிகழ்ச்சி நாளுக்கு முன் ஆறு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரம் கேள்விக்கும் பேச்சாளர்களுக்கும், அடுத்த மூன்று பதிவுக்கும் விளம்பரத்துக்கும், கடைசி வாரம் ஒத்திகைக்கு. மொழிபெயர்ப்பும் உண்டென்றால் எட்டு வாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் நான்கு பேர். விவாதத்தை நடத்தும் நெறியாளர், திரைக்குப் பின்னால் செயலியை இயக்குபவர், பார்வையாளர் கேள்விகளைத் தொகுப்பவர், எதற்கும் ஒரு மாற்று ஆள். நெறியாளரே செயலியையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பேச்சாளரின் மைக் வேலை செய்யாத அந்த நிமிடத்தில் விவாதத்தைத் தொடர்ந்து கொண்டுபோக ஒருவர், மைக்கைச் சரிசெய்ய வேறொருவர் இருந்தே ஆக வேண்டும்.

1. தலைப்பு வேண்டாம், கேள்வியை எழுதுங்கள்

‘சர்வதேச வணிகம்: வாய்ப்புகளும் சவால்களும்’ என்ற தலைப்பில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம். அதனால்தான் எவருக்கும் அது பயன்படுவதில்லை. கேட்டு முடித்ததும் பார்வையாளர் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று பாருங்கள். அந்த முடிவை ஒரு கேள்வியாக்குங்கள்.

வணிகத்தில் இப்படிக் கேட்கலாம்: ‘கன்டெய்னரில் சரக்கு அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர் எஃப்.ஓ.பி.யில் ஒப்பந்தம் போடலாமா, எஃப்.சி.ஏ.வுக்கு மாற வேண்டுமா?’ சர்வதேச விற்பனையில் சரக்கின் பொறுப்பு எந்த இடத்தில் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறுகிறது என்பதை வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020இல் இருக்கும் 11 விதிகளில் இவை இரண்டு. எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு விற்பவருடையது. கன்டெய்னரோ அதற்கு முன்பே துறைமுக முனையத்தில் ஒப்படைக்கப்பட்டுவிடும். தன் கையை விட்டுப் போன சரக்குக்கு விற்பவர் பொறுப்பேற்கும் இடைவெளி அங்கே உருவாகிறது. எஃப்.சி.ஏ.யில், வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்து நிறுவனத்திடம் சரக்கை ஒப்படைத்ததுமே பொறுப்பு மாறிவிடும். ஒரு மணி நேரத்துக்கு இந்த ஒரு கேள்வியே தாராளம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி (இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்கான கட்டணம்) பற்றிப் பேச வேண்டுமென்றால் அதையும் இப்படியே குறுக்குங்கள். 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு முதல் கட்டமாக சிமென்ட், இரும்பு-எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றுக்கானது. ஆறையும் எடுக்காமல் ஒரு துறையை மட்டும் எடுங்கள்.

கல்வியில் ‘வெளிநாட்டில் படிக்கலாம் வாங்க’ என்பதற்குப் பதிலாக, ‘ஒரு நாட்டில் பாதி முடித்த பட்டப்படிப்பின் கிரெடிட்டுகளை இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகம் எந்த அடிப்படையில் ஏற்கிறது, எதை நிராகரிக்கிறது?’ என்று கேளுங்கள். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் எண்ணும் ஐரோப்பிய ஈ.சி.டி.எஸ். முறையில் முழுநேரப் படிப்பில் ஓர் ஆண்டு 60 கிரெடிட். மற்ற நாட்டுக் கணக்குகளோடு இது நேராகப் பொருந்தாது. விவாதிக்க வேண்டிய இடம் அதுதான்.

எழுதிய கேள்வியை இப்படிச் சோதியுங்கள்: அந்தத் துறையில் அனுபவமுள்ள இருவர் இதற்கு வெவ்வேறு பதில் சொல்ல வாய்ப்பு இருக்கிறதா? இல்லையென்றால் குழு விவாதம் தேவையில்லை. ஒருவரே வகுப்பு எடுத்துவிடலாம்.

2. மூன்று பேர், மூன்று நாற்காலி

60 நிமிடத்துக்கு மூன்று பேச்சாளர்கள்தான். பார்வையாளர் கேள்விகளுக்கு 18 நிமிடம், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 6 நிமிடம் போக, மிஞ்சுவது 36 நிமிடம். மூவருக்கும் ஆளுக்கு 12 நிமிடம் வரும். ஐந்து பேரை அமர்த்தினால் ஏழு நிமிடம்தான், அதற்குள் ஒருவர் கருத்தை இன்னொருவர் மறுக்கக்கூட இடம் இருக்காது.

பெயர்களை யோசிக்கும் முன் நாற்காலிகளை முடிவு செய்யுங்கள். கிரெடிட் கேள்விக்கு, விண்ணப்பங்களை மதிப்பிடும் பல்கலைக்கழக அலுவலர் ஒருவர், இந்தப் பாதையில் போன மாணவர் ஒருவர், தகுதிச் சான்றுகளை ஒப்பிடுவதைத் தொழிலாகச் செய்பவர் ஒருவர். மூவரும் பல்கலைக்கழகத் தரப்பினர் என்றால் மூன்று விளம்பரங்களைத்தான் கேட்கப் போகிறோம்.

அழைப்பிலேயே இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முதலாவது, இந்த விஷயத்தில் அவருக்குப் பணத் தொடர்பு உண்டா என்பது. மாணவர்களைச் சேர்த்துவிடும் முகவர்கள் பலர் பல்கலைக்கழகங்களிடமிருந்து கமிஷன் பெறுகிறார்கள். அப்படிப்பட்டவரை அழைப்பதில் தவறில்லை. ஆனால் அறிமுகத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பைத் தீர்மானிக்கும் விஷயம் இது, மறைக்க நமக்கு உரிமை இல்லை. இரண்டாவது, ரெக்கார்டிங்கை வெளியிட அவருக்குச் சம்மதமா என்பது. நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்டால், அவருடைய நிறுவனத்தின் சட்டப்பிரிவு வாரக்கணக்கில் இழுக்கும்.

3. நேரம்: மிக அதிகமான தவறுகள் நடக்கும் இடம்

நகரத்தின் பெயரையும் யூ.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஐ.எஸ்.டி. என்ற சுருக்கம் இந்தியாவுக்கும் உண்டு, இஸ்ரேலுக்கும் உண்டு, அயர்லாந்துக்கும் உண்டு. சி.எஸ்.டி. என்பதை அமெரிக்காவின் மத்திய நேரம் என்றும் படிக்கலாம், சீன நேரம் என்றும் படிக்கலாம். சுருக்கம் மட்டும் போட்ட அறிவிப்பைப் பார்த்து ஒருவர் தவறான நேரத்தில் வந்தால் பிழை அவருடையதல்ல.

பல கண்டங்களை இணைக்க 13:00 யூ.டி.சி. நல்ல தொடக்கப் புள்ளி. ஜனவரியில் அது நியூயார்க்கில் காலை 8, லண்டனில் பிற்பகல் 1, துபாயில் மாலை 5, டெல்லியில் மாலை 6:30, சிங்கப்பூரில் இரவு 9, டோக்கியோவில் இரவு 10. லாஸ் ஏஞ்சலஸில் அதிகாலை 5, சிட்னியில் நள்ளிரவு. அமெரிக்க மேற்குக் கரை, ஆஸ்திரேலியா, ஐரோப்பா மூன்றுக்கும் வசதியான ஒரே நேரம் கிடையாது. அதைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம். யாருக்காக நடத்துகிறோமோ அவர்களின் மாலை நேரத்தைப் பிடியுங்கள், மற்றவர்களுக்கு ரெக்கார்டிங் இருக்கிறது. தொடர் நிகழ்ச்சி என்றால் முறை வைத்து நேரத்தை மாற்றுங்கள்.

அடுத்த பொறி கோடைகால நேர மாற்றம். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு, மூன்று வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகிவிடும். இலையுதிர்காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் திரும்புவதால் மறுபடி ஒரு வாரம் இதே கதை. இந்தியா, சிங்கப்பூர், ஜப்பான், வளைகுடா நாடுகள் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே பிப்ரவரியில் போட்ட கணக்கை மார்ச் 20க்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள். நிகழ்ச்சித் தேதியைக் கொடுத்துப் புதிதாகக் கணக்கிடுங்கள். முடிந்தால் அந்த வாரங்களையே தவிர்த்துவிடுங்கள்.

தேதியை எண்ணில் மட்டும் எழுதாதீர்கள். 03/04 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. மாதத்தைப் பெயராலும் கிழமையையும் சேர்த்தும் எழுதினால் குழப்பம் தீரும். ‘இரவு 12 மணி’ என்பதும் எந்த நாளின் இரவு என்ற சந்தேகத்தைக் கிளப்பும். பதிவு செய்யக் கடைசி நேரமாக 23:59 என்று போடுங்கள்.

விடுமுறைகளையும் பாருங்கள். சவுதி அரேபியாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆகஸ்டில் ஐரோப்பிய அலுவலகங்கள் பலவற்றில் ஆள் இருக்காது. சந்திரப் புத்தாண்டு, ரமலான் நோன்பு திறக்கும் நேரம், கிறிஸ்துமஸ் வாரம் எல்லாம் நாட்காட்டியில் முன்கூட்டியே தெரிபவைதான்.

4. செயலி: மீட்டிங்கா, வெபினாரா?

மீட்டிங் வகையில் எல்லோரும் மைக்கையும் கேமராவையும் திறக்கலாம். வெபினார் வகையில் பேச்சாளர்கள் மட்டுமே தெரிவார்கள், மற்றவர்கள் கேள்விப் பெட்டியில் எழுதுவார்கள். அறிமுகமான 30, 40 பேர் என்றால் மீட்டிங்கே நல்லது, பேச்சில் உயிர் இருக்கும். லிங்க் பொதுவெளியில் போகிறதென்றால் வெபினார்தான். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் வீட்டுச் சத்தமோ, வேண்டுமென்றே நுழைபவரின் திரையோ நிகழ்ச்சியைக் கெடுத்துவிடும்.

யூடியூபிலும் நேரலை விடுவதாக இருந்தால் அந்தக் கணக்கில் நேரலை வசதியைச் சில நாள் முன்பே இயக்கி வையுங்கள். முதல் தடவை அனுமதி கிடைக்க 24 மணி நேரம்வரை ஆகலாம். சீனப் பெருநிலப்பகுதியில் யூடியூப் திறக்காது என்பதால், அங்கிருந்து பார்வையாளர்களை எதிர்பார்த்தால் அவர்களுக்கு வேறு வழி வேண்டும்.

5. பதிவுப் பக்கம்

பெயர், மின்னஞ்சல், நாடு, ‘இந்தக் கேள்வியில் உங்களுக்குத் தீராத சந்தேகம் என்ன?’ என்று நான்கு கட்டங்கள் போதும். தொலைபேசி எண், பிறந்த தேதி, நிறுவன முகவரி என்று கட்டங்களைக் கூட்டினால் பாதியில் மூடிவிட்டுப் போவார்கள். தேவையில்லாத தகவலைச் சேர்த்தால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் நம் தலையில் ஏறும். நான்காவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். நெறியாளரின் கேள்விகளில் பாதி அங்கிருந்துதான் வரும்.

எதிர்கால அறிவிப்புகளை அனுப்பச் சம்மதம் கேட்கும் பெட்டி தனியாக, டிக் போடப்படாமல் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜி.டி.பி.ஆர். எனும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி சம்மதமாகாது. நிகழ்ச்சி ரெக்கார்டு செய்யப்படும் என்பதையும் அதே பக்கத்தில் சொல்லுங்கள்.

பதிவு செய்ததும் போகும் உறுதி மின்னஞ்சலில் நாட்காட்டிக் கோப்பை இணையுங்கள். அனுப்பும் முன் வெவ்வேறு நேர மண்டலத்துக்கு மாற்றிவைத்த இரண்டு போன்களில் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே மணி காட்டினால் கோப்பில் நேர மண்டலமே இல்லை என்று அர்த்தம். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் விட்டு, நாட்காட்டியை நம்பிய பார்வையாளர்களை இழந்தவர்கள் நிறைய.

நினைவூட்டல் மூன்று: முந்தைய நாள், ஒரு மணி நேரம் முன்பு, தொடங்கும்போது. மூன்றிலும் லிங்க் மேலே இருக்கட்டும். கடைசி நிமிடத்தில் பழைய மின்னஞ்சலைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

6. நெறியாளரின் தயாரிப்பு

ஒவ்வொரு பேச்சாளரோடும் தனித்தனியாக 15 நிமிடம் பேசுங்கள். ‘பொதுவாக எல்லோரும் சொல்கிற எந்தக் கருத்தோடு உங்களுக்கு உடன்பாடில்லை?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் விவாதத்தின் முடிச்சு இருக்கும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் போட்டு உடைக்க வேண்டாம். அந்தக் கேள்வியை எப்போது யாரிடம் எழுப்புவது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஐந்து கேள்விகள் எழுதுங்கள். முதல் கேள்வி ஒரு குறிப்பான நிலைமையாக இருக்கட்டும்: ‘இரண்டு ஆண்டு வணிகப் படிப்பு முடித்த ஒரு மாணவரின் விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வருகிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?’ இப்படித் தொடங்கினால் தயார் செய்த உரையை யாராலும் வாசிக்க முடியாது. ‘உங்கள் பார்வை என்ன?’ என்று தொடங்கினால் ஆளுக்கு எட்டு நிமிடச் சொற்பொழிவு கிடைக்கும், விவாதத்துக்கு நேரம் இருக்காது.

கேள்விகளின் திசையைப் பேச்சாளர்களுக்கு ஒரு வாரம் முன்பு சொல்லுங்கள், அப்படியே வார்த்தை வார்த்தையாக அனுப்பாதீர்கள். அனுப்பினால் பதிலை எழுதிவைத்துப் படிப்பார்கள், குரலே மாறிவிடும். புள்ளிவிவரமோ சட்ட விதியோ தேவைப்படும் கேள்வி மட்டும் விதிவிலக்கு. அதை முழுதாகவே அனுப்புங்கள், அவர் சரிபார்த்து வரட்டும்.

ஸ்லைடு வேண்டாம். ஒருவருக்கு அனுமதித்தால் மூவரும் கொண்டுவருவார்கள், குழு விவாதம் மூன்று தனி உரைகளாகச் சிதறிவிடும். ஓர் அட்டவணை கட்டாயம் தேவையென்றால் அதை வாங்கி இயக்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். தேவைப்படும் நொடியில் அவர் காட்டுவார்.

7. மொழிபெயர்ப்பு இருந்தால்

உடனடி மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு மொழி இணைக்கு இருவராக வேலை செய்வார்கள். 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டே பேசும் வேலையில் கவனம் அதற்கு மேல் தாங்காது. செலவைக் குறைக்க ஒருவரை மட்டும் அமர்த்தினால் கடைசிக் கால் மணி நேரத்தில், அதாவது கேள்வி-பதில் நடக்கும்போது, தரம் விழும்.

ஒரு வாரம் முன்பே கலைச்சொல் பட்டியல் ஒன்றை அவர்களுக்கு அனுப்புங்கள். எஃப்.சி.ஏ., ஈ.சி.டி.எஸ். போன்ற சுருக்கங்கள், பேச்சாளர் பெயர்களின் உச்சரிப்பு, வரப்போகும் அமைப்புகளின் பெயர்கள். தானியங்கி வசன வரிகளும் தடுமாறுவது சுருக்கங்களிலும் பெயர்களிலும்தான். ரெக்கார்டிங்கில் எந்த மொழியின் ஒலி பதிகிறது என்பதை ஒத்திகையிலேயே கேட்டுப் பாருங்கள்.

8. ஒத்திகை

மூன்று முதல் ஐந்து நாள் முன்பு, 30 நிமிடம். பேச்சாளர்கள் நிகழ்ச்சியன்று பயன்படுத்தப்போகும் அதே இடம், அதே கணினி, அதே இணையம் என்பது நிபந்தனை. அலுவலகத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு ஹோட்டல் அறையிலிருந்து பேசினால் அந்த ஒத்திகையால் பயனில்லை.

பார்க்க வேண்டியவற்றில் ஒலிக்குத்தான் முதலிடம். படம் மங்கினால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், குரல் விட்டு விட்டு வந்தால் வெளியேறிவிடுவார். கம்பி வைத்த ஹெட்செட் நல்லது. புளூடூத் சார்ஜ் இறங்கும், நடுவில் போனோடு இணைந்துகொள்ளும். இணையத்துக்கும் முடிந்தால் கேபிளே. அப்லோட் வேகம் நொடிக்கு 5 மெகாபிட் இருந்தால் நிம்மதி. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும், நாற்காலியைத் திருப்பிப் போட்டால் போதும்.

வெபினார் வகைச் செயலிகளில் ஒவ்வொரு பேச்சாளருக்கும் தனி லிங்க் வரும். பலர் அதைக் கவனிக்காமல் விளம்பரத்தில் இருக்கும் பொது லிங்கில் நுழைந்து, பார்வையாளர் பகுதியில் மைக் இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பேச்சாளர் லிங்கைத் தனி மின்னஞ்சலில், ‘இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்’ என்ற வரியோடு அனுப்புங்கள். அவர் பார்வையாளராக நுழைந்துவிட்டால் பேச்சாளராக உயர்த்துவது எப்படி என்பதை இயக்குபவர் ஒருமுறை செய்து பழகட்டும்.

செயலிக்கு வெளியே ஒரு வாட்ஸ்அப் குழுவும் வேண்டும். செயலி முடங்கினால் செயலிக்குள்ளேயே செய்தி அனுப்ப முடியாது.

9. நிகழ்ச்சி நாள்

பேச்சாளர்கள் 30 நிமிடம் முன்பு, செயலியில் பார்வையாளருக்குத் தெரியாத ஒத்திகை அறைக்கு வரட்டும். அந்த வசதி அமைப்புகளில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் தொடங்கிய நொடியிலேயே பார்வையாளர்களும் உள்ளே வந்து, ‘என் குரல் கேட்குதா?’ என்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சொன்ன நிமிடத்தில் தொடங்குங்கள். தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருந்தால் நேரத்துக்கு வந்தவர்களைத் தண்டித்ததாகும். அறிமுகம் ஆளுக்கு ஒரு வாக்கியம். முழு விவரம் பதிவுப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது நிமிடத்தில் ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று இயக்குபவர் கண்ணால் பார்த்து உறுதி செய்யட்டும். கிளவுடிலும் ஒரு கணினியிலும் என்று இரண்டு பிரதி இருப்பது பாதுகாப்பு.

ஒருவர் நீட்டிக்கொண்டே போனால் அவர் வாக்கியத்தின் இடைவெளியில் அவர் பெயரைச் சொல்லி நுழையுங்கள். ‘நீங்கள் சொன்ன அந்தக் கட்டண விஷயத்தை இவரிடம் கேட்கிறேன்’ என்று அவருடைய சொல்லையே எடுத்து அடுத்தவரிடம் கொடுத்தால் அவமதித்ததாக இருக்காது. பேச்சாளர் ஒருவரின் இணையம் அறுந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காமல் அடுத்த கேள்வியை மற்றவர்களிடம் கொண்டுபோங்கள். அவர் திரும்பியதும் விட்ட இடத்தைச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம்.

42ஆவது நிமிடத்துக்குள் பார்வையாளர் கேள்விகளுக்கு வந்துவிடுங்கள். தொகுப்பவர் ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கி, நெறியாளருக்கு ஐந்து, ஆறை மட்டும் அனுப்ப வேண்டும். ‘என் விசா நிராகரிக்கப்பட்டது, என்ன செய்யலாம்?’ போன்ற தனிப்பட்ட கேள்விகளை மேடையில் எடுக்காதீர்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் அப்படிப்பட்ட ஆலோசனையைத் தொழிலாகத் தர அனுமதி பெற்றவர்களால் மட்டுமே முடியும். முழு விவரம் தெரியாமல் சொல்லும் ஒரு வரிப் பதில் கேட்டவருக்கு உண்மையான சேதத்தைச் செய்துவிடும். அனுமதி பெற்றவர்களின் அரசுப் பட்டியலை எங்கே பார்ப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

10. முடிந்த பிறகு

48 மணி நேரத்துக்குள் ரெக்கார்டிங்கை அனுப்பிவிடுங்கள். தொடக்கக் காத்திருப்பை வெட்டி, எந்த நிமிடத்தில் எந்தக் கேள்வி என்ற பட்டியலைக் கூடவே போடுங்கள். ஒரு மணி நேர வீடியோவை முழுதாகப் பார்ப்பவர்கள் குறைவு. பட்டியல் இருந்தால் தனக்கு வேண்டிய இடத்துக்குப் போவார்கள்.

விசா விதி, கட்டணம், சுங்க வரி பேசிய நிகழ்ச்சியென்றால், ‘இந்தத் தகவல்கள் நிகழ்ச்சி நடந்த தேதியில் உள்ளபடி’ என்று தேதியோடு வீடியோவின் முதல் சட்டகத்திலேயே எழுதுங்கள். கீழே குறிப்பில் போட்டால் வீடியோ பகிரப்படும்போது அது கூட வராது. விதி மாறியது தெரிந்தால் வீடியோவைத் திருத்துங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். பழைய விதியை நம்பிப் பணம் கட்டுபவர் யார் என்று நமக்குத் தெரியாது.

பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளைச் செயலியிலிருந்து பதிவிறக்கம் செய்து, பேச்சாளர்களிடம் ஆளுக்கு இரண்டு வீதம் எழுத்தில் பதில் வாங்கி, ஒரு வாரத்துக்குள் பதிவு செய்த அனைவருக்கும் அனுப்புங்கள். மீதமிருக்கும் கேள்விகளில் எது அதிகம் பேரால் கேட்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடுத்த நிகழ்ச்சியின் முதல் படியை அங்கிருந்து தொடங்கலாம்.